கீரைக்கு எதற்கு மின்விளக்கு?

(பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவி ஒருத்தியின் கருத்து)



சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் பிரான்சிலிருந்து வந்த என் அத்தை, எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி கொண்டு வந்தார். பிரான்சில் ஓர் அத்தையோ சித்தப்பாவோ இல்லாத குடும்பங்கள் நம் புதுவையில் குறைவு. அவர்கள் கொண்டுவரும் பெட்டிகளில் சாக்லேட்டும் வாசனைச் சோப்பும் இருப்பதுதான் வழக்கம். இந்தப் பெட்டியிலோ வெள்ளை நிறத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் மூடியில் ஆறு துளைகள், மேலே வளைந்து நிற்கும் ஒரு விளக்கு! துளைகளில் விதை அடைத்த பஞ்சு உருண்டைகளை வைத்துத் தண்ணீர் ஊற்றி, கூடவே வந்த மருந்துப் பாட்டிலில் இரண்டு மூடி விட்டு, மின்சாரத்தைப் போட்டால் போதுமாம். சமையலறை மேடையிலேயே லெட்யூஸ் கீரை முளைத்துவிடுமாம்.

முளைக்கவும் முளைத்தது. நான்காம் நாளே பச்சை தெரிந்தது. தெருப்பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். எங்கள் ஆயா மட்டும் அதன் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, ராத்திரி பத்து மணிக்கும் இதுக்கு வௌக்கு எரியணுமா? சூரியனுக்குமா கரண்டு பில்லு கட்டுவாங்க?"

அத்தை சிரித்தார், எல்லாரும் சிரித்தோம். ஆனால் ஆயா வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. கீரையைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை எங்கள் வீட்டில் அவருக்குத்தான் உண்டு.

நோணாங்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு காலத்தில் கீரைப்பாத்தி இருந்தது. முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்து இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கி, கட்டுக் கட்டி, விடியுமுன் கூடையில் அடுக்கிப் புதுவைப் பெரிய மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்றுத்தான் ஆயா என் அப்பாவையும் அத்தையையும் படிக்க வைத்தார். கடைசிக் கட்டு விற்கும் வரை எழுந்திருக்க மாட்டார் என்று அப்பா சொல்லுவார். நான் பிறப்பதற்கு முன்பே அந்தப் பாத்தி நின்றுபோயிற்று. கிணறு கரித்துவிட்டது.

நம் ஊரை அறியாத வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பத்து ஆறு. இன்னொன்று எங்கள் ஊர்ச் சுண்ணாம்பாறு. சுற்றுலா வருகிறவர்கள் படகுத் துறையில் நின்று அந்த நீர்ப்பரப்பைப் பார்த்து, "எவ்வளவு தண்ணீர்!" என்று வியக்கிறார்கள். அது கடலோடு கை கோத்துக்கொண்ட தண்ணீர். கடற்கரையோரம் ஆழ்குழாய்கள் நல்ல நீரை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்தை நிரப்பக் கடல்நீர் நிலத்தடியில் நகர்ந்து வருகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் இருந்தும், கீரைக்கு ஊற்ற ஒரு குடம் இல்லை என்பதே எங்கள் தெருவின் நிலை.

இதையெல்லாம் நான் ஏன் பள்ளி மலரில் எழுதுகிறேன்? காரணம் இருக்கிறது. நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் எங்கள் வகுப்பு வைத்த 'மண்ணில்லாத் தோட்டம்' முதற்பரிசு பெற்றது உங்களுக்கு நினைவிருக்கும். அதைக் கண்டு மகிழ்ந்த பெற்றோர் சிலர், ஆய்வகத்துக்கு ஒரு விளக்கு அலமாரி வாங்கித் தர முன்வந்திருக்கிறார்கள். நான்கு தட்டு, தட்டுக்கு ஒரு விளக்கு, தண்ணீரைச் சுற்றிவிடும் பம்பு, கண்ணாடிக் கதவு. அவர்களுடைய நல்ல மனத்துக்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆயினும் அந்த அலமாரி வேண்டாம் என்பதே என் கருத்து. இந்த வித்தையில் மண்ணை விட்டுவிடும் பகுதி நமக்கு வேண்டும். வெயிலை விட்டுவிடும் பகுதி நமக்கு வேண்டாம். ஏன் என்று சொல்லுகிறேன்.

முதலில், மண்ணில்லாமல் செடி எப்படி வளர்கிறது? பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர், எடை போட்ட மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். ஐந்து பவுண்டுக் கன்று 169 பவுண்டு மரமாயிற்று. மண்ணிலோ இரண்டு அவுன்சுதான் குறைந்தது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைந்த பின் 1648இல் அந்த ஆராய்ச்சி அச்சாயிற்று. காற்றிலிருந்து செடி கரியமிலவாயுவை எடுக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தவறான முடிவுதான், ஆனால் அந்த இரண்டு அவுன்சைத் தேடித்தான் பிறகு வந்தவர்கள் எல்லாரும் புறப்பட்டார்கள்.

1699இல் இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் என்பவர் செய்த ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. அதை நாமே செய்து பார்க்கலாம் என்பதே காரணம். அவர் புதினா இனச் செடியை மழைநீரிலும் தேம்ஸ் ஆற்று நீரிலும் தோட்டத்து மண் கலந்த நீரிலும் வளர்த்தார். சுத்தமான மழைநீரில் மிகக் குறைவாகவும், மண் கலந்த கலங்கல் நீரில் மிக அதிகமாகவும் செடி வளர்ந்தது. நாங்கள் கண்காட்சிக்காக அதையே நான்கு பாட்டில்களில் செய்தோம். மழைநீர் ஒன்று, குழாய்நீர் ஒன்று, தோட்டத்து மண்ணைக் கரைத்து வடிகட்டிய மழைநீர் ஒன்று, எங்கள் வீட்டுக் கிணற்று நீர் ஒன்று. மார்க்கெட்டில் வாங்கிய ஒரே கட்டுப் புதினாவிலிருந்து தண்டுகளைக் கிள்ளி வைத்தோம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் கண்டதையே நாங்களும் கண்டோம். மண்ணைக் கரைத்த நீரில் புதினா தழைத்தது. தனி மழைநீரில் உயிரோடு இருந்தது, அவ்வளவே. கிணற்று நீரில் வைத்தது ஆறாம் நாள் இலை நுனி கருகி, பத்தாம் நாள் தலை சாய்ந்தது. அந்த நான்காவது பாட்டிலை ஆயாவிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

மண்ணிலிருந்து தண்ணீரில் கரைந்து வருவது என்ன என்பதை 1860களில் ஜெர்மனியின் சாக்ஸ், நாப் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். கால்சியம் நைட்ரேட்டு, பொட்டாசியம் நைட்ரேட்டு, பாஸ்பேட்டு, மக்னீசியம் சல்பேட்டு, சிறிது இரும்பு. இவற்றைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் செடிக்கு மண் தேவையில்லை. இன்று செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் பதினேழு என்று படிக்கிறோம். அவற்றில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மூன்றும் காற்றிலும் நீரிலும் கிடைத்துவிடும். மீதிப் பதினான்கும் உப்புகளாக வேரின் வழியே போகவேண்டும். மண் என்பது அந்தப் பதினான்கையும் வைத்திருக்கும் பண்டகசாலை. செடி விழாமல் பிடித்துக்கொள்ளும் கை. பண்டத்தை வேறு வழியில் கொடுத்து, செடியை வேறு ஒன்றால் பிடித்துக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது.

இங்கே ஒரு சிறு முறையீடு. இந்தக் கீரையை விற்பவர்கள் சிலர், 'இரசாயனமே இல்லாதது' என்று விளம்பரம் செய்கிறார்கள். பூச்சிமருந்து இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். இரசாயனம் இல்லை என்பது எப்படி? அதன் சாப்பாடே இரசாயன உப்புத்தானே! சாணத்திலிருந்து வந்த நைட்ரேட்டையும் பாக்கெட்டிலிருந்து வந்த நைட்ரேட்டையும் வேருக்குப் பிரித்தறியத் தெரியாது.

இந்த ஆய்வக வித்தையைப் பயிர்த்தொழிலாக ஆக்க முயன்றவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெரிக். 1929இல் அவர் கருத்து வெளியாயிற்று. 1937இல் ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரும் வந்தது. கிரேக்கத்தில் 'நீர்', 'உழைப்பு' என்ற இரு சொற்களின் சேர்க்கை அது. தொட்டித் தண்ணீரில் 25 அடி உயரம் தக்காளிக் கொடி ஏற்றி அவர் நாட்டையே வியக்கவைத்தார். இனிமேல் நிலமே வேண்டாம் என்று பத்திரிகைகள் எழுதின. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லண்டும் ஆர்னனும் 1938இல் நிதானமாக ஒரு பதில் வெளியிட்டார்கள். அந்தத் தண்ணீர்க் கலவை வேலை செய்யும். ஆனால் நல்ல மண்ணில் விளைவதைவிட அதில் பெரிதாக அதிகம் விளைந்துவிடாது. விளைச்சலின் அளவைத் தீர்மானிப்பதில் வெளிச்சத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் பெரும் பங்குண்டு என்றார்கள். இன்றும் ஆய்வகங்களில் 'ஹோக்லண்ட் கரைசல்' என்று பயன்படுத்துவது அவர்கள் வகுத்த கலவைதான். புகழைக் கெரிக்கும் உண்மையை இவர்களும் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு இந்த முறை எங்கெல்லாம் போயிற்று என்று பார்த்தால் ஒன்று விளங்கும். பசிபிக் கடலில் விமானங்கள் இறங்கிச் செல்லும் வேக் தீவுக்குப் போயிற்று; போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினர் தங்கிய அசென்ஷன் தீவுக்குப் போயிற்று. இரண்டும் கடல் நடுவே இருப்பவை. நல்ல மண்ணும் நல்ல நீரும் அற்றவை. ஆனால் வெயிலுக்குப் பஞ்சமில்லாதவை! எங்கள் தெருவை அந்தத் தீவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் நாட்டுக்கு இது வந்தது 1946இல். வங்காளத்தின் மலையூரான காலிம்போங்கில் ஜேம்ஸ் ஷால்ட்டோ டக்ளஸ் என்பவர் இதைத் தொடங்கினார். வங்காளப் பஞ்சம் வந்து மூன்றே ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. வெளிநாட்டுப் பம்புகளும் குழாய்களும் நம் வீடுகளுக்கு ஆகாது என்று கண்டு, தொட்டியில் கல்சல்லியும் மணலும் நிரப்பி, உப்புக் கலவையை அளவாகத் தூவித் தண்ணீர் ஊற்றும் எளிய முறையை அவர் வகுத்தார். 1951இல் அதை 'வங்காள முறை' என்ற பெயரிலேயே நூலாக வெளியிட்டார். இந்தியாவில் இந்த வித்தையின் தொடக்கமே மலிவான தொட்டியும் திறந்த வானமுந்தான். எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து நாம் கண்ணாடி அலமாரிக்குள் போவது முன்னேற்றமா?

இனி விளக்குக்கு வருவோம். நண்பகல் வெயிலின் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். நாம் படிக்கும் வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருந்தால் தாராளம். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. இலைக்குத் தெரியும். ஒளியே அதன் அடுப்பு. அந்த அடுப்பை அறைக்குள் மூட்ட எவ்வளவு செலவாகும்? அலமாரியின் ஒரு விளக்கு 100 வாட்டு. நாளுக்கு 14 மணி நேரம் எரிய வேண்டும் என்கிறது அதனுடைய குறிப்பேடு. ஒரு விளக்குக்கு நாளுக்கு 1.4 யூனிட். நான்குக்கும் 5.6 யூனிட். மாதத்துக்கு 168 யூனிட்! பம்பைச் சேர்க்கவில்லை. மே மாதத்தில் கண்ணாடிக் கதவுக்குள் சேரும் சூட்டைத் தணிக்கும் செலவையும் சேர்க்கவில்லை.

இது என் கணக்கு மட்டுமன்று. 2015இல் அமெரிக்காவின் அரிசோனாவில், ஒரு கிலோ லெட்யூஸ் விளைவிக்க என்ன ஆகிறது என்று ஆராய்ந்து வெளியிட்டார்கள். வயலில் விளைவித்தால் 250 லிட்டர் தண்ணீர். மூடிய கூடத்தில் நீர்வளர்ப்பு முறையில் 20 லிட்டர். எவ்வளவு பெரிய மிச்சம்! ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். வயலில் 1,100 கிலோஜூல் ஆற்றல்; கூடத்தில் 90,000 கிலோஜூல். நம் மின்கணக்கில் சொன்னால் கிலோவுக்கு 25 யூனிட். அதில் பெரும்பகுதி கூடத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் போனது. அடுத்த பங்கு விளக்குக்கு. தண்ணீர் மிச்சமானது வேரைத் தொட்டியில் வைத்ததால். ஆற்றல் செலவானது செடியை அறையில் வைத்ததால். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை அல்ல, பிரிக்கலாம். என் வாதம் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் நிற்கிறது.

பெரிய பெரிய நிறுவனங்களுக்கும் இந்த மின்செலவு பாரமாக இருந்திருக்கிறது. விளக்கொளியில் அடுக்கடுக்காகக் கீரை வளர்த்த அமெரிக்க நிறுவனமாகிய ஏரோஃபார்ம்ஸ் 2023இல் திவால் பாதுகாப்புக் கோரியது. பவரி ஃபார்மிங் என்பது 2024 நவம்பரில் கதவை மூடியது. சிங்கப்பூர், தன் உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் தானே விளைவிப்பதாக 2019இல் அறிவித்தது. 2025 நவம்பரில் அந்த இலக்கை விட்டு, 2035ஆம் ஆண்டுக்கு வேறு இலக்குகளை வைத்துக்கொண்டது. அங்கே நிலம் உள்ளங்கையளவு, பணம் கடலளவு. அவர்களுக்கே அப்படியென்றால்!

"பள்ளிக்கூடத்து அலமாரியில் இலாபமா பார்ப்பது? கற்றுக்கொள்ளத்தானே!" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. கற்பது என்றால் எந்தக் கீரையைப் பற்றிக் கற்பது? லெட்யூஸ் குளிர்நாட்டுக் கீரை. சூடு கூடினால் கசந்து பூத்துவிடும். நீண்ட இருட்டுக் குளிர்காலம் உள்ளவர்கள் அதை விளக்கடியில் வளர்ப்பதில் பொருள் இருக்கிறது. என் அத்தை வீட்டில் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறதாம். நம் முளைக்கீரையும் சிறுகீரையும் அரைக்கீரையும் தண்டுக்கீரையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. கரும்பையும் சோளத்தையும் போலச் சி-4 முறையில் ஒளிச்சேர்க்கை செய்பவை. கடும் வெயிலிலும் சூட்டிலும்தான் அவற்றுக்கு உற்சாகம். அவற்றை அறைக்குள் அடைத்தால் ஒளி தேடி நூலாய் நீண்டு வெளிறிப்போகும். நாங்கள் சோதனைக்காக அத்தையின் பெட்டியில் முளைக்கீரை விதைத்தோம். பதினைந்தாம் நாள் அதைப் பார்த்த ஆயா, "நோயாளி மாதிரி இருக்கே" என்றார்.

இன்னொன்றும் உண்டு, தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேர் உறிஞ்சிய நைட்ரேட்டை இலை புரதமாக மாற்றுவதற்கு ஒளி வேண்டும். ஒளி குறைந்தால் நைட்ரேட்டு அப்படியே இலையில் தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்குச் சட்டமே போட்டிருக்கிறது. கூரையின்கீழ் வளர்ந்த லெட்யூசில் கிலோவுக்கு, கோடையில் 4,000 மில்லிகிராமும் குளிர்காலத்தில் 5,000 மில்லிகிராமும் மேல்வரம்பு. மங்கிய ஒளியில் அதிகம் தங்கும் என்பதால்தான் குளிர்காலத்துக்குத் தனி வரம்பு. கீரை இனங்கள் நைட்ரேட்டைச் சேர்த்து வைப்பதில் கெட்டிக்காரர்கள். சத்து நிறைந்தது என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கீரை, வெயில் பார்த்த கீரையாக இருப்பது நல்லது.

சரி, விளக்கு வேண்டாம் என்றால் என்ன செய்வது? நாங்கள் செய்ததைச் சொல்லுகிறேன்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்ற பேராசிரியர் பம்பும் மின்சாரமும் இல்லாத ஒரு முறையைப் பரப்பினார். மூடியுள்ள வாளியில் சத்துக் கரைசலை ஊற்றி, மூடியில் துளையிட்டு, துளைக்கொரு கிண்ணம் வைத்து, கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடுமாறு செய்ய வேண்டும். செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும். இடையில் காற்றுக்கு இடம் உண்டாகும். மேல்வேர் காற்றைச் சுவாசிக்கும். கீழ்வேர் நீரைக் குடிக்கும். வேரும் சுவாசிக்கிறது என்பதை மறந்து வாளியை விளிம்புவரை மறுபடியும் நிரப்பிவிட்டால் வேர் அழுகிப்போகும். எங்கள் முதல் வாளி, அன்பு மிகுதியால் அப்படித்தான் செத்தது.

வெள்ளையடித்தபின் வீட்டில் கிடந்த 20 லிட்டர் பெயிண்டு வாளிகளைக் கழுவி எடுத்துக்கொண்டோம். ஒளி புகாத வாளியாக இருக்க வேண்டும். புகுந்தால் பாசி பிடிக்கும். கிண்ணத்துக்குப் பதில் அடியில் துளையிட்ட டீ கப்பு. அதில் தேங்காய் நார்த்தூள். உரக்கடையில் நீரில் கரையும் 19:19:19 உரமும் கால்சியம் நைட்ரேட்டும் மக்னீசியம் சல்பேட்டும் நுண்ணூட்டக் கலவையும் வாங்கினோம். வேதியியல் மாணவியர் சிரிக்கக்கூடாது: எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கெட்டியாகக் கலந்துவிட்டோம்! பால்போல் வெளுத்து, அடியில் மாவாகப் படிந்தது. கால்சியம், சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து கரையாத உப்பாகிவிட்டது. இருநூறு ரூபாய் சாக்கடைக்குப் போயிற்று. அன்றுமுதல் கால்சியம் ஒரு பாட்டில், மற்றவை ஒரு பாட்டில். வாளித் தண்ணீரில்தான் இரண்டும் சந்திக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். டி.டி.எஸ். மீட்டரை எங்கள் கிணற்று நீரில் வைத்தால் 2,300 காட்டியது. கீரைக்கு வேண்டிய சத்துக் கரைசலே 900 சுமாருக்கு இருந்தால் போதும். உப்பு நிறைந்த வயிற்றில் சாப்பாட்டுக்கு இடமேது? அதிலும் வாளியில் செடி நீரைக் குடிக்கும், சோடியத்தை விட்டுவைக்கும், உப்பு நாளுக்கு நாள் ஏறும். ஆகவே மண் கெட்ட ஊருக்கு நீர்வளர்ப்பு வைத்தியம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. நீரும் கெட்ட ஊரில் அது முதல் நாளே தோற்கும்.

மழைநீரில் மீட்டர் 30ஐத் தாண்டவில்லை. நமக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஆண்டுக்கு 60,000 லிட்டர்! 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுவையில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, நினைவிருக்கிறதா? அந்த ஒரு நாளில் மட்டும் அப்படிப்பட்ட ஒரு மாடியில் 22,000 லிட்டருக்கு மேல் விழுந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு குடிநீர் லாரிக்குக் காத்திருந்தோம். எங்கள் வாளி ஒன்று இருபத்தைந்து நாளில் குடித்தது ஒன்பது லிட்டர்.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சகோதரியர் வாளிகளைத் தூக்கி எறியச் சொல்லிவிடுவார்கள். யானைக்கால் நோயால் நம் ஊர் பட்ட பாடு பெரியவர்களுக்குத் தெரியும். 1975இல் இங்கே தொடங்கப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை கொசு ஒழிப்புத் திட்டம் ஒன்றை நடத்தியதும் இதற்காகவே. தேங்கிய நல்ல தண்ணீர் என்றால் டெங்குக் கொசுவுக்குக் கொண்டாட்டம். ஆகவே வாளி மூடி இறுகப் பொருந்த வேண்டும். துளைக்கும் கப்புக்கும் இடையே விரல் நுழையும் சந்து இருந்தால் துணியால் அடைக்க வேண்டும். தொட்டியின் வாய்க்கு வலை கட்ட வேண்டும். வாரம் ஒரு முறை மூடியைத் தூக்கிப் பார்க்கும் முறையை வகுப்பில் பங்கிட்டுக்கொண்டோம்.

மாடியில்லாத அடுக்குவீடுகளில் வசிக்கும் தோழியருக்கு நான் சொல்வது முழுதும் பொருந்தாது. அவர்கள் வெயில் விழும் சன்னலில் வெந்தயக்கீரையும் புதினாவும் வைக்கலாம். அரைநிழலைப் பொறுக்கும் வல்லாரையும் வரும். விதை முளைக்கிற வாரத்தில் ஒரு சிறு விளக்கு உதவும் என்பதையும் மறுக்கவில்லை. மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மாமார்களின் பிழைப்புக்கு இது போட்டியாகாதா என்று ஓர் ஆசிரியை கேட்டார். பத்து வாளிகளால் ஆகாது. பத்து அலமாரி வைத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து விற்றால் ஆகும். அப்போது யாரிடம் வாங்குவது என்று நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

எனவே நன்கொடை தர முன்வந்த பெற்றோர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: அலமாரிக்கு வைத்த பணத்தில் அறிவியல் கட்டடத்தின் மாடிக்கு ஒரு மழைநீர்க் குழாய், மணல் வடிகட்டி, மூடிபோட்ட 5,000 லிட்டர்த் தொட்டி, கோடைக்கு ஒரு பச்சை நிழல்வலை, இருபது வாளி ஆகியவற்றை வாங்கித் தாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் குழாய் பொருத்தப்பட வேண்டும். மாதம் 168 யூனிட் எங்களுக்கு வேண்டாம். பத்தாம் வகுப்புத் தங்கைகள் வாரக் கணக்கை எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நோட்டும் கோடு போட்டாயிற்று.

எங்கள் வீட்டு மாடியில் இப்போது ஆறு வாளிகள் இருக்கின்றன. முதல் அறுவடைக்கு ஆயாவைப் படியேற்றி அழைத்துப்போனேன். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். வாயில் போட்டு மென்றார். தண்டை நகத்தால் அழுத்திப் பார்த்தார். "தண்டு இன்னும் மெலிசு. நாலு நாள் விடு" என்றார். விட்டேன். ஐந்தாம் நாள் விடியுமுன்பே அவரே ஏறிப்போய், வேரைக் கழுவி, வாழைநாரால் கட்டுப் போட்டு வைத்திருந்தார். பதினொரு கட்டு. நான்கை நிறுத்திக்கொண்டு ஏழைத் தெருவில் கொடுத்தனுப்பினார். கட்டு ஒன்றுக்குப் பத்து ரூபாய் வாங்கிவரச் சொல்லியிருந்தார். எதிர்வீட்டு அக்காவிடம் மட்டும் பாக்கி.